எந்த மரபணு என்பதோடு எந்த நேரம் என்றும் கேட்க வேண்டும்

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் அஜீஸ் சான்காரின் ஆய்வகத்தினர் 2011-இல் வெளியிட்ட ஒரு சோதனை, புற்றுநோயைப் பற்றிய என் புரிதலை வேறெதையும்விட அதிகமாக மாற்றியது. உரோமமற்ற ஒரே இனத்து எலிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவின் மீது அதிகாலை 4 மணிக்கும் மற்றதன் மீது மாலை 4 மணிக்கும் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். எலியும் ஒன்று, கதிரும் ஒன்று, அளவும் ஒன்று. மாறியது நேரம் மட்டுமே. அதிகாலையில் கதிர் பட்ட எலிகளுக்குத் தோல் புற்று முன்னதாகவே தோன்றியது. கட்டிகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுந்திருந்தது.

இதற்கான காரணத்தை அவர்கள் ஏற்கெனவே ஓரளவு அறிந்திருந்தார்கள். புற ஊதாக் கதிர் டிஎன்ஏவில் ஏற்படுத்தும் சிதைவை வெட்டி எடுத்துச் சரிசெய்யும் புரதக் குழுவில் எக்ஸ்பிஏ என்பது முதன்மையான ஒன்று. அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்தே பழுதுநீக்கத்தின் வேகமும் அமைகிறது. எலியின் தோலில் இப்புரதத்தின் அளவு நாள் முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. மாலையில் உச்சத்தைத் தொட்டு, அதிகாலையில் மிகவும் தாழ்ந்துவிடுகிறது. உயிரணுக்கள் தம் டிஎன்ஏவைப் படியெடுக்கும் பணியோ இதற்கு நேரெதிராக அதிகாலையில்தான் மும்முரமாக நடக்கிறது. பழுதைச் சரிசெய்ய ஆள் குறைந்திருக்கும் வேளையில், அந்தப் பழுதையும் சேர்த்தே படியெடுக்கும் வேலை வேகமாக நடந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்தக் கட்டிகள் காட்டின. எலி இரவில் விழித்திருக்கும் விலங்கு. பகலில் விழித்திருக்கும் மனிதருக்கு இந்த ஏற்ற இறக்கம் தலைகீழாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருதுகோள். அதனை நிலைநாட்டப்பட்ட செய்தியாக எடுத்துக்கொண்டு வெயிலில் செல்லும் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

எக்ஸ்பிஏவின் அளவை ஏற்றி இறக்குவது எது என்று கேட்டால், விடை உடலின் உள்ளே இயங்கும் கடிகாரத்தில் போய் முடிகிறது. அதன் அடிப்படை அமைப்பு எளிமையானது. க்ளாக், பிமல்1 என்னும் இரண்டு புரதங்கள் இணைந்து, டிஎன்ஏவில் ஈ-பெட்டி எனப்படும் குறுகிய வரிசையில், அதாவது சிஏசிஜிடிஜி என்னும் ஆறெழுத்துத் தொடரில், ஒட்டிக்கொண்டு அதனருகே உள்ள மரபணுக்களை இயக்கிவிடுகின்றன. அவ்வாறு இயக்கப்படுபவற்றுள் பெர், க்ரை என்னும் மரபணுக்களும் உண்டு. அவற்றிலிருந்து உருவாகும் புரதங்கள் மெல்ல மெல்லச் சேர்ந்து, உயிரணுவின் உட்கருவுக்குள் திரும்பி வந்து, தம்மை உருவாக்கிய க்ளாக்–பிமல்1 இணையையே அடக்கிவிடுகின்றன. பிறகு அப்புரதங்கள் சிதைக்கப்படுகின்றன, அடக்குமுறை நீங்குகிறது, சுற்று மீண்டும் தொடங்குகிறது. இந்த ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகிறது. இதற்குத் துணையாக இன்னொரு சிறு சுற்றும் உண்டு. அதில் ரெவ்-எர்ப் என்னும் புரதம் பிமல்1 மரபணுவை அடக்க, ஆர்ஓஆர் என்னும் புரதம் அதனைத் தூண்டுகிறது. ரெவ்-எர்ப் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோயின் கதையில் அது மீண்டும் வரும்.

பழ ஈக்களில் இந்தக் கடிகாரத்தின் முதல் மரபணுவை ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் 1971-இல் இனங்கண்டார்கள். அதன் செயல்முறையை வெளிக்கொணர்ந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. பாலூட்டிகளில் இதன் தலைமை நிலையம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு கொத்தாக இருக்கிறது. கண்ணில் விழும் ஒளியைக் கொண்டு அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆயினும் கல்லீரல், தோல், குடல், நுரையீரல் என ஏறக்குறைய ஒவ்வொரு உறுப்பின் உயிரணுக்களிலும் தனித்தனிக் கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன; எலியின் புரதம் தரும் மரபணுக்களில் 43 விழுக்காடு ஏதேனும் ஓர் உறுப்பிலாவது நாள்முறைப்படி ஏறி இறங்குகின்றன என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இவ்வளவு பெரிய பங்கு கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டிருக்கும்போது, உயிரணுப் பெருக்கத்தையும் அழிவையும் முடிவுசெய்யும் மரபணுக்கள் மட்டும் அதற்கு வெளியே நின்றால்தான் வியப்பு.

இங்கு ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை. கடிகாரத்தின் பகுதியான க்ரை புரதங்கள், பரிணாம வழியில் ஃபோட்டோலயேஸ் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. பாக்டீரியாவிலும் தாவரங்களிலும் அந்தக் குடும்பத்தின் வேலை, சூரிய ஒளியின் ஆற்றலைக் கொண்டே டிஎன்ஏவின் சிதைவைச் சரிசெய்வது. மனிதரின் க்ரை புரதத்துக்கு அந்தத் திறன் இப்போது இல்லை. டிஎன்ஏவைப் பாதுகாப்பதும் நேரத்தைக் கணிப்பதும் ஒரே மரபுவழியிலிருந்து பிரிந்த இரண்டு வேலைகள் என்று எண்ணும்போது, கடிகாரமும் புற்றுநோயும் தொடர்புடையவை என்பது தற்செயலான கண்டுபிடிப்பாக எனக்குத் தோன்றவில்லை.

இனி மிக் என்னும் மரபணுவுக்கு வருவோம். இந்த விஷயத்தின் மையம் இதுதான் என்று நான் கருதுகிறேன். மனிதப் புற்றுநோய்கள் பலவற்றில் அளவு மீறி இயங்கும் மரபணு இது. வளர், பெருகு, சர்க்கரையையும் குளுட்டமினையும் உட்கொள் என்று உயிரணுவை இடைவிடாமல் உந்துவது இதன் புரதம். அது தன் இணையான மேக்ஸ் என்னும் புரதத்தோடு சேர்ந்து டிஎன்ஏவில் ஒட்டும் இடம், மேலே சொன்ன அதே ஈ-பெட்டி, அதே சிஏசிஜிடிஜி. கடிகாரத்தின் தலைமைப் புரதங்களும் புற்றைத் தூண்டும் புரதமும் ஒரே எழுத்துத் தொடரைப் படிக்கின்றன. இயல்பான உயிரணுவில் மிக்கின் அளவு குறைவாக இருப்பதால் கடிகாரம் தன் போக்கில் ஓடுகிறது. மிக் பெருகிவிட்டால் என்ன நடக்கும் என்பதை ச்சி வான் டாங்கின் குழுவினர் 2015-இல் காட்டினார்கள்: அது ரெவ்-எர்ப் மரபணுவை அளவுக்கு மேல் இயக்கிவிடுகிறது, ரெவ்-எர்ப் பிமல்1-ஐ அடக்கிவிடுகிறது, கடிகாரத்தின் ஏற்ற இறக்கம் மங்கிப்போகிறது. அதனோடு அந்த உயிரணுக்களில் குளுக்கோஸ் பயன்பாட்டில் இருந்த நாள்முறை ஒழுங்கும் குலைந்துவிடுகிறது. மிஸ்1 என்னும் வேறொரு புரதத்தோடு சேர்ந்து மிக் நேரடியாகவே பிமல்1-ஐ ஒடுக்குகிறது என்று மற்றொரு குழு வாதிட்டது. வழி எதுவானாலும், புற்றைத் தூண்டும் மரபணு கடிகாரத்தை அடக்குகிறது என்னும் முடிவில் இருதரப்பும் ஒன்றுபடுகின்றன.

இதன் மறுபக்கமும் உண்டு என்பதுதான் என்னை இந்தத் துறையில் தொடர்ந்து படிக்க வைக்கிறது. கடிகாரமும் மிக்கை அடக்குகிறது. க்ரை புரதங்களில் ஒன்றான க்ரை2, எஃப்பிஎக்ஸ்எல்3 என்னும் புரதத்தோடு சேர்ந்து மிக் புரதத்தைப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்புகிறது என்று காட்யா லாமியாவின் ஆய்வகம் 2016-இல் கண்டது. ஆக, க்ரை2 இல்லாத உயிரணுவில் மிக் தேங்குகிறது. மிக் தேங்கினால் கடிகாரம் தளர்கிறது. கடிகாரம் தளர்ந்தால் மிக்கைக் கட்டுப்படுத்தும் பிடி மேலும் நழுவுகிறது. எது முதலில் கெட்டது என்று ஒரு கட்டியைப் பார்த்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது இதிலிருந்து விளங்கும். புற்றுக்கட்டியில் கடிகார மரபணுக்கள் குலைந்திருப்பதைக் கண்டவுடன், அதுவே நோயின் காரணம் என்று எழுதிவிடும் செய்திக் கட்டுரைகள் இந்தச் சுழலைக் கவனிக்கத் தவறுகின்றன.

கட்டி ஒடுக்கி மரபணுக்களில் மிகவும் அறியப்பட்ட பி53-இன் நிலையும் இத்தகையதே. டிஎன்ஏ சிதைந்த உயிரணுவை நிறுத்திவைப்பதோ, சரிசெய்ய இயலாவிடில் அழித்துவிடுவதோ அதன் பணி. எம்டிஎம்2 என்னும் புரதம் பி53-ஐ வழக்கமாகச் சிதைவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பெர் புரதங்களில் ஒன்றான பெர்2, பி53-ஓடு இணைந்துகொண்டு அந்தச் சிதைவைத் தடுக்கிறது. பி53-ஓ பெர்2 மரபணுவின் தொடக்கப் பகுதியில், க்ளாக்–பிமல்1 ஒட்ட வேண்டிய இடத்தை ஓரளவு மறைத்தவாறு அமர்ந்து, பெர்2 உருவாவதைக் குறைக்கிறது. தன்னைக் காப்பாற்றும் புரதத்தின் அளவைத் தானே கட்டுப்படுத்தும் இந்த அமைப்பு, இரண்டு தனித்தனி இயந்திரங்களுக்கு இடையே எப்போதாவது நிகழும் உரசல் போன்றதன்று. ஒரே சுற்றின் இரு பகுதிகள் என்றுதான் இவற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உயிரணுப் பிளவின் நேரமும் இவ்வாறே கடிகாரத்தின் கையில் ஓரளவு இருக்கிறது. ஹிதோஷி ஒகமுராவின் குழுவினர் 2003-இல் எலிகளின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றிவிட்டு, எஞ்சிய பகுதி மீண்டும் வளர்வதைக் கவனித்தார்கள். வளர வேண்டிய அவசரம் எவ்வளவு இருந்தாலும், உயிரணுக்கள் பிளவுபடத் தொடங்கியது நாளின் குறிப்பிட்ட வேளையில்தான். பிளவுக்கு முன்பு தடை போடும் வீ1 என்னும் நொதியின் மரபணுவில் ஈ-பெட்டிகள் இருப்பதும், கடிகாரம் அதை நேரடியாக இயக்குவதும் இதற்குக் காரணம். க்ரை மரபணுக்கள் இல்லாத எலிகளில் வீ1 மிகுந்து, கல்லீரல் மீள்வளர்ச்சி மந்தமானது.

விலங்குச் சோதனைகளில் கடிகாரத்தைக் கெடுத்தால் புற்று பெருகுகிறது என்பதற்கான சான்றுகள் பல. 2002-இல் பெர்2 மரபணு பழுதான எலிகளைக் காமா கதிருக்கு உட்படுத்தியபோது, இயல்பான எலிகளைவிட அவற்றுக்கு நிணநீர்ப் புற்று அதிகமாக வந்தது; மிக்கின் அளவும் உயர்ந்திருந்தது. அதே ஆண்டில் மற்றோர் ஆய்வில், மூளையின் தலைமைக் கடிகாரத்தை அழித்த எலிகளில் உட்பதித்த கட்டிகள் விரைவாக வளர்ந்தன. 2016-இல் வெளியான ஆய்வு எனக்கு மிகவும் முழுமையானதாகப் படுகிறது: கேராஸ் என்னும் புற்று மரபணுவால் நுரையீரல் கட்டி உண்டாகும் எலிகளில், பெர்2 அல்லது பிமல்1 மரபணுவை நீக்கினாலும் கட்டி விரைந்து வளர்ந்தது, மரபணு எதையும் தொடாமல், நெடுந்தொலைவு விமானப் பயணம் செய்தவரைப் போல ஒளி–இருள் நேரத்தை மட்டும் அடிக்கடி நகர்த்தினாலும் கட்டி விரைந்து வளர்ந்தது. மரபணுவின் பழுதும் சூழலின் பழுதும் ஒரே இடத்தில் வந்து சேர்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

ஆனால் இதுவரை சொன்னவற்றைக் கொண்டு கடிகாரத்தைப் புற்றுக்கு எதிரான காவலன் என்று அறிவித்துவிட்டால், அது பாதி உண்மையாகவே நிற்கும். க்ரை மரபணுக்கள் இரண்டும் இல்லாத எலிகளுக்குக் கடிகாரமே ஓடுவதில்லை. எனினும் அவற்றுக்கு இயல்பான எலிகளைவிட அதிகமாகப் புற்று வரவில்லை என்று சான்காரின் ஆய்வகமே 2005-இல் காட்டியது. அதற்கும் மேலாக, பி53 இல்லாமல் புற்று எளிதில் தாக்கும் எலிகளில் க்ரை மரபணுக்களையும் சேர்த்து நீக்கியபோது, புற்று தோன்றுவது தாமதப்பட்டு அவை நீண்ட நாள் வாழ்ந்தன என்று 2009-இல் அதே ஆய்வகம் வெளியிட்டது. அக்யூட் மைலாய்டு லுக்கீமியா என்னும் இரத்தப் புற்றின் மூல உயிரணுக்களும், மூளையில் தோன்றும் கிளையோபிளாஸ்டோமாவின் மூல உயிரணுக்களும் தாம் பிழைத்திருக்கக் க்ளாக்கையும் பிமல்1-ஐயும் சார்ந்திருக்கின்றன என்று 2016-இலும் 2019-இலும் வெளியான ஆய்வுகள் காட்டின. அங்கே கடிகாரப் புரதங்களை அகற்றினால் புற்றணுக்களே தளர்கின்றன. நுரையீரலில் இல்லாமை கேடு செய்யும் அதே புரதம், இரத்தப் புற்றில் இருப்பதால் கேடு செய்கிறது. எனவே எந்தக் கடிகார மரபணுவையும் நல்லது, தீயது என்று ஒரே சொல்லால் குறிப்பதை நான் விட்டுவிட்டேன். எந்தத் திசுவில், எந்தப் புற்று மரபணுவோடு சேர்ந்து, நாளின் எந்த வேளையில் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை பொருள்படும்.

மனிதரைப் பற்றிய சான்றுகளுக்கு வரும்போது இன்னும் கூடுதலான நிதானம் தேவைப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் பணிமுறையை 2007-இல் ‘2ஏ’ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றை உண்டாக்க வாய்ப்பு மிகுந்தவற்றின் பட்டியலில், சேர்த்தது. 2019-இல் இரவுப்பணியை மீண்டும் ஆராய்ந்து அதே பிரிவில் நிறுத்தியது. அந்தப் பிரிவு, சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறதேயன்றி, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லவில்லை. அமெரிக்கச் செவிலியர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்த ஆய்வு, 30 ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் சுழற்சி முறையில் இரவுப்பணி செய்தவர்களுக்கு மார்பகப் புற்று ஓரளவு அதிகமாக வந்ததாக 2001-இல் தெரிவித்தது. ஆனால் பத்து ஆய்வுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 14 லட்சம் பெண்களின் தரவுகளை ஒருங்கே பார்த்த 2016-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில் அத்தகைய உயர்வு தென்படவில்லை. இரண்டும் கவனமாகச் செய்யப்பட்டவையே. எந்த வயதில் தொடங்கி, தொடர்ந்து எத்தனை இரவுகள், எத்தனை ஆண்டுகள் என்பதையெல்லாம் ‘இரவுப்பணி செய்தவர்’ என்னும் ஒரே கட்டத்துக்குள் அடைத்துவிட்டால், முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவது இயல்பே. மருத்துவமனைகளும் மின்நிலையங்களும் இரவில் மூடப்பட முடியாதவை. அங்கே பணிபுரிவோருக்கு அச்சத்தை மட்டும் கொடுத்துவிட்டு நகரும் தலைப்புச் செய்திகள் எனக்கு வருத்தம் தருகின்றன. பணி சுழலும் முறையையும் ஓய்வின் இடைவெளியையும் சீரமைக்க வேண்டிய பொறுப்பு நிறுவனங்களுக்கு உரியது. உறங்க நேரமில்லாத தொழிலாளியின் தலையில் அதைச் சுமத்தலாகாது.

நோய் வந்தபின் நேரத்தின் பங்கு என்ன என்பதில்தான் அண்மைய ஆண்டுகள் அதிகம் சொல்கின்றன. ஸ்விட்சர்லாந்தில் நிக்கோலா அசெட்டோவின் குழுவினர், மார்பகப் புற்றுள்ள 30 பெண்களின் இரத்தத்தை அதிகாலை 4 மணிக்கும் காலை 10 மணிக்கும் எடுத்துச் சோதித்து, 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கட்டியிலிருந்து பிரிந்து இரத்தத்தில் திரியும் புற்றணுக்களில் நான்கில் மூன்று பங்கிற்கும் மேல் கிடைத்தது அதிகாலையில் எடுத்த இரத்தத்தில். உறக்க வேளையில் வெளியேறும் அந்த உயிரணுக்களில் பிளவுக்குரிய மரபணுக்கள் மும்முரமாக இயங்கின. அவற்றை எலிகளில் செலுத்தியபோது புதிய இடங்களில் எளிதில் வேரூன்றவும் செய்தன. இதைப் படித்துவிட்டு உறங்காமல் இருந்தால் புற்று பரவாது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஆய்வாளர்கள் சொல்ல வந்தது, இரத்தம் எடுத்த நேரம் தெரியாமல் இந்த எண்ணிக்கையை ஒப்பிட முடியாது என்பதையும், மருந்து கொடுக்கும் நேரத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்பதையும்தான்.

மருந்தின் நேரத்தைப் பற்றிய மிக முக்கியமான பாடம் அதற்கும் முன்னரே கிடைத்துவிட்டது. பெருங்குடல் புற்று பரவிய நிலையில் இருந்த 186 நோயாளிகளுக்கு, ஒரே மருந்துகளைச் சிலருக்குச் சீரான வேகத்திலும் சிலருக்கு நாள்முறைக்கு ஏற்றவாறு ஏற்றி இறக்கியும் கொடுத்துப் பார்த்த ஃபிரான்சிஸ் லெவியின் குழுவினர் 1997-இல் தந்த முடிவு நம்பிக்கையூட்டியது: நேரமறிந்து கொடுத்தவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சீராகக் கொடுத்தவர்களில் 29 விழுக்காட்டினருக்கும் கட்டி சுருங்கியது, மருந்தின் பக்கவிளைவான கடுமையான வாய்ப்புண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பின்னர் 564 நோயாளிகளைக் கொண்டு, வழக்கமான மருந்து முறையோடு ஒப்பிட்டு நடந்த பெரிய ஆய்வு 2006-இல் வெளியானபோது, மொத்தத்தில் ஆயுட்காலத்தில் வேறுபாடு இல்லை. தனித்தனியே பார்த்தபோதோ, நேரமுறைச் சிகிச்சையில் ஆண்களுக்கு இறப்பு ஆபத்து 25 விழுக்காடு குறைந்தும், பெண்களுக்கு 38 விழுக்காடு கூடியும் இருந்தது. சராசரிக்குள் இரண்டு எதிரெதிர் உண்மைகள் ஒளிந்திருந்தன. நல்ல நேரம் என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க இயலாது என்பதை இதைவிடக் கடுமையாக எந்த எண்ணும் சொல்லிவிட முடியாது. சிகிச்சையில் இருப்பவர்கள் மருந்தின் நேரத்தைத் தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

கடிகாரத்தையே குறிவைக்கும் மருந்துகள் குறித்தும் அதே எச்சரிக்கை பொருந்தும். ரெவ்-எர்ப்பைத் தூண்டும் எஸ்ஆர்9009 என்னும் சேர்மம் பலவகைப் புற்றணுக்களை அழிக்கிறது என்று 2018-இல் வெளியான ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே, ரெவ்-எர்ப் அறவே இல்லாத உயிரணுக்களின் வளர்ச்சியையும் அந்தச் சேர்மம் குறைக்கிறது என்று வேறொரு குழு காட்டியது. அப்படியானால் அது வேலை செய்யும் வழி கடிகாரம் மட்டும் அன்று.

இவ்வளவுக்குப் பிறகும் என்னை உறுத்துவது மிக எளிய ஒரு குறை. கட்டியிலிருந்து அறுவையில் எடுக்கும் திசு மாதிரிகளின் மரபணு இயக்க அளவுகள் உலகெங்கும் பெருந்தரவுத் தொகுப்புகளாகச் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் மாதிரி எடுத்த மணி பதிவாவதில்லை. பென்சில்வேனியாவில் ரான் அனாஃபியும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே, நேரம் குறிக்கப்படாத மாதிரிகளை அவற்றின் மரபணு இயக்கத்தைக் கொண்டே நாள்வரிசைப்படி அடுக்கும் சைக்ளாப்ஸ் என்னும் கணிப்புமுறையை 2017-இல் உருவாக்கி, கல்லீரல் புற்றில் கடிகாரத்தின் ஒழுங்கு குலைந்திருப்பதை அதன் வழியாகக் காட்டினார்கள். அது போற்றத்தக்க உழைப்பு. எனினும், எக்ஸ்பிஏவும் வீ1-உம் பெர்2-உம் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கும் உடலிலிருந்து திசுவை எடுக்கும் ஒவ்வோர் இடத்திலும், மாதிரியின் குறிப்பில் நோயாளியின் வயதையும் பாலினத்தையும் எழுதும் அதே வரியில் எடுத்த மணியையும், முந்தைய இரவு அவர் உறங்கிய நேரத்தையும் சேர்த்து எழுதுவதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை.